சாலையோரம் கை காட்டியவர்கள்

அக்கா,

இன்று மாலை மழையோடு செம்பனை எண்ணெய் ஆலையின் புகை வாடையும் காடிக்குள் ஏறியது. அந்த வாடை வந்தாலே ஓட்டும் இருக்கையில் நீங்கள் இருப்பதுபோலத் தோன்றும். இன்று அதில் நான்தான் இருந்தேன், தனியாக. புக்கிட் பெலிம்பிங் தாண்டியதும், தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒருவர் சாலையோரம் நின்று கை காட்டினார். முகம் தெரியவில்லை. இருபுறமும் செம்பனைத் தோட்டம். எனக்குப் பயமாகிவிட்டது.

நாம் ஒன்றாக வேலைக்குப் போய்வந்த காலத்தில் இப்படி நின்ற எல்லோருக்கும் நீங்கள் காடியை நிறுத்தினீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "எந்த எஸ்டேட்டு?" என்பீர்கள். பெயர் சொன்னால் கதவு திறக்கும். எஸ்டேட் பெயர் சொல்பவன் கெட்டவனாக இருக்கமாட்டான் என்பது நம் பக்கத்து நம்பிக்கை.

ஒருநாள், பழம் வெட்டும் அரிவாளைச் சாக்கில் சுற்றிப் பிடித்தபடி ஒருவர் நின்றார். "வேணாங்கா, போயிடலாம்" என்றேன். நிறுத்திவிட்டீர்கள். அவர் ஓர் எஸ்டேட் பெயரைச் சொல்லி ஏறினார். அந்த எஸ்டேட்டை அழித்து வீடுகள் கட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

"இல்லாத எஸ்டேட்ட சொல்றாருக்கா" என்று கிசுகிசுத்தேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"இப்ப அது தாமான் லா, தங்கச்சி. கேட்டா வாயில பழைய பேருதான் வருது. பயமா இருந்தா அரிவாள நீங்களே முன்னால வெச்சுக்குங்க."

அவருடைய மகளைக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். மழையில் நனைந்திருந்தவர், இருக்கை நனையக்கூடாதென்று ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். மருத்துவமனை வாசலில் அவர் இறங்கிப் போன பிறகும் நீங்கள் காடியைக் கிளப்பவில்லை. உங்கள் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"உங்களுக்குமா பயம்?"

"பின்ன? தெனமுந்தான்."

"அப்புறம் ஏங்கா நிறுத்துறீங்க?"

"நிறுத்தாம போனா அந்த ஆளு வீடு வரைக்கும் கூடவே வர்றான். சோத்துல கை வைக்க முடியல. அதுக்கு இந்தப் பயம் பரவால்ல." பிறகு என்னை முறைத்தீர்கள். "உங்கம்மாகிட்ட சொன்னே, நாளையிலேர்ந்து நீ பஸ்ஸுதான்."

பிறருக்கு உதவத் தைரியம் வேண்டும் என்று பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். நடுங்கும் கைகளைப் பற்றி எதிலும் இல்லை. எப்படியோ தெரிந்துகொண்ட அம்மா, "அவ ஒருநாள் எவன்கிட்டயாச்சும் மாட்டிக்கப்போறா" என்பார். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது நோய்தான். அதனால் அம்மாவின் பயம் பொய் என்றும் ஆகிவிடாது.

இன்று தலைக்கவசத்தோடு நின்றவரை நான் கடந்து போய்விட்டேன். உயர்த்திய கையை அவர் மெல்ல இறக்கிக்கொண்டது பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் தெரிந்தது. காடியைப் பின்னால் எடுத்தேன். வயதான மலாய்க்காரர். மோட்டார் சைக்கிள் பழுதாகி நின்றிருக்கிறார். விரல்கள் விறைத்துப்போய், தலைக்கவசத்தின் வாரை அவரால் அவிழ்க்க முடியவில்லை. பயத்தோடுதான் கதவைத் திறந்து ஏற்றிக்கொண்டேன்.

அவர் குடியிருக்கும் கம்பத்து முனையில் இறங்கும்போது மலாயில் சொன்னார்: "தனியாகப் போகும் பெண் நீ. இப்படி எல்லோருக்கும் நிறுத்தாதே, மகளே."

சரி என்று தலையாட்டினேன்.

நாளைக்கும் அதே சாலையில்தான் போகவேண்டும், அக்கா. யாராவது நின்றால் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்துவிட்டது. இப்போது என்னை அதிகம் பயமுறுத்துவது அதுதான்.