ஐங்கரன் விற்ற கூரை மருந்து

ஆர்ஜொந்தெய்
7 மார்ச் 2024

அன்புள்ள யசோ,

உன் முழங்கால் வலி குறைந்ததா? இவர் அப்படியேதான். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை நீ வந்து ஊட்டியபோது வாயைத் திறந்தவர், திங்கள் முதல் என்னோடு அடம்பிடிக்கிறார். பாரிசவாதம் வந்தும் ஆள் பார்த்துத்தான் சாப்பிடுகிறார்.

இதை ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை உன் மகன் ஐங்கரன் வந்தான். கழுத்தில் கட்டிய ரையும் கையில் பையுமாக வாசலில் நின்றவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. "அன்ரி, நான் இப்ப கூரைக் கொம்பனி ஒண்டிலை வேலை செய்யிறன்" என்றான். இரண்டு வருடமாக அறையை விட்டு வராத பிள்ளை அல்லவா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கூரை மரத்தைப் பூச்சி அரிக்கிறது, மருந்தடிக்க வேண்டும் என்று படம் காட்டினான். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நேற்று மகள் வந்து ஒப்பந்தத்தை வாசித்தாள். மாதாமாதம் கட்டவேண்டிய காசு, இவரைக் குளிப்பாட்ட வருகிற பெண்ணுக்கு நான் கொடுக்கிற காசளவு. பிரெஞ்சுச் சட்டப்படி, வீடு தேடி வந்து விற்றதைப் பதினாலு நாளுக்குள் காரணம் சொல்லாமலே நிறுத்தலாமாம். பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போதுமாம். "உடனை போடுங்கோ அம்மா" என்று நிற்கிறாள். உனக்குச் சொல்லாமல் போட எனக்கு மனமில்லை.

உன்,
அஜந்தா


மார்க்ஸ் டோர்மோய்
11 மார்ச் 2024

அன்பு அஜந்தா,

நேற்று உன் வீட்டில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். உன் கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது. நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு ரயிலேறிவிட்டேன்.

அவனை அங்கே பரீட்சார்த்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். உன்னுடையதுதான் அவன் பிடித்த முதல் ஒப்பந்தம். அன்று வந்து, "அம்மா, அன்ரி என்னை நம்பினவா" என்றான். என்னோடு மேசையில் இருந்து சாப்பிட்டான். இப்போது காலையில் தானாக எழும்பிச் சவரம் செய்கிறான். குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் கட்டிலிலேயே கிடப்பேன், எழும்பினால் அது நின்றுவிடும் என்கிற பயத்தில்.

அந்தப் பதினாலு நாளும் கழிய விடு, அஜந்தா. அவனை நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள். மாதக் காசை நான் தருகிறேன். பெர்தொனே வீதித் தையல்கடையில் இன்னும் இரண்டு மணித்தியாலம் கூட வேலை கேட்டிருக்கிறேன். உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

யசோ


ஆர்ஜொந்தெய்
15 மார்ச் 2024

என் யசோ,

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. சொல்லாமல் விடத்தான் நினைத்திருந்தேன்.

மகள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். எங்கள் கூரை மரத்தில் ஒரு பூச்சியும் இல்லை. ஐங்கரன் அன்று மேலே ஏறவே இல்லை, யசோ. இவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்துவிட்டுத்தான் போனான். அவன் காட்டிய படம் வேறு யாருடைய வீட்டுக் கூரையோ.

அவனாக யோசித்துச் செய்திருக்க மாட்டான். அப்படித்தான் அங்கே பழக்கியிருப்பார்கள். நாளைக்கு இன்னொரு வீட்டில், இன்னொரு நோயாளியின் மனைவியிடம் அதே படத்தை நீட்டுவான். அதற்காகவா அவன் எழும்பிச் சவரம் செய்ய வேண்டும்? நீ தையல் மெஷினில் குனிந்து சம்பாதிக்கிற காசில் என் கூரைக்கு மருந்தடிக்க வேண்டாம்.

இன்று காலை கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். வரிசையில் நின்றபோது இரண்டு தரம் வெளியே வந்து, திரும்பப் போய் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. வந்து என்னை ஏசு.

அஜந்தா


ஆர்ஜொந்தெய்
9 ஏப்ரல் 2024

யசோ,

நீ வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை. ஒப்பந்தத்தை நிறுத்தியாயிற்று என்று கொம்பனியிலிருந்து அறிவித்துவிட்டார்கள். அதைப் படித்து எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. ஐங்கரன் எப்படி இருக்கிறான்? மகள் தனக்குத் தெரிந்த இடத்தில் அவனுக்கு வேலை கேட்கிறேன் என்கிறாள். ஒரு வரியாவது எழுது. ஏசியாவது எழுது.

அஜந்தா


மார்க்ஸ் டோர்மோய்
20 ஏப்ரல் 2024

அஜந்தா,

உன் கடிதங்கள் கிடைத்தன. ஐங்கரனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பழையபடி அறைக்குள் போய்விட்டான். சாப்பாட்டைக் கதவடியில் வைக்கிறேன். சில நாள் எடுக்கிறான், சில நாள் அப்படியே இருக்கிறது. உன் மகள் சொன்ன வேலையைப் பற்றிக் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். அவன் கதவைத் திறக்கவில்லை.

நீ எழுதியதையும் கேட்டேன். "நீ மேலை ஏறிப் பாத்தனியோ?" என்றேன். உள்ளே இருந்தபடியே "இல்லை" என்றான். பிறகு பிரெஞ்சில் வேகமாக ஏதோ சொன்னான். எனக்கு விளங்கவில்லை.

கடையில் என்னோடு தைக்கிற ஜிஸ்லேன் உன்னைக் குறை சொன்னாள். சிநேகிதி என்றால் பொறுத்திருக்கலாமே என்றாள். இல்லை, அஜந்தா செய்ததுதான் சரி என்றேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

நீ பிழை விட்டிருந்தால் மறுநாளே வந்து, தெருவே கேட்க உன்னை ஏசியிருப்பேன். அழுது முடித்துவிட்டு உள்ளே வந்திருப்பேன். உன்னிடம் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் என்னால் வர முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஊட்ட வேறு யாரையாவது பார்த்துக்கொள்.

யசோதா