கழுவாத வண்டி

சித்திரை 18, வியாழன்.

வண்டியில் தூசி இருந்தால் எனக்குப் பொறுக்காது. பானெட்டைத் திறந்து இன்ஜின் வரை தேய்த்துக் கழுவுவேன். அதுதான் தப்பாகப் போயிற்று. இரண்டு தடவை நிரப்பியும் ஏசியில் கேஸ் தங்கவில்லை. போன வாரம் மெக்கானிக் காதர் பாய் மறுபடி நிரப்பிவிட்டுத் திட்டினார்.

“கேஸ் கசியுத இடத்துல எண்ணெயும் வரும், அண்ணாச்சி. அதையும் கழுவிட்டு வந்தா நான் எதை வச்சுத் தேடுவேன்? ஒரு வாரம் தண்ணியே ஊத்தாதீங்க. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் கரிசல் ரோட்டுல ஓட்டிட்டு வாங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். இன்று காலை அவர் பட்டறையில் திறந்து பார்த்தால் குழாயெல்லாம் காய்ந்த புழுதி. ஒரே ஒரு இணைப்பில் மட்டும் கரிசல் ஈரமாக அப்பியிருந்தது. உள்ளே ரப்பர் வளையம் நைந்திருந்தது. அதை மாற்றி, கேஸும் நிரப்பிக் கொடுத்தார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

மதியம் என் மனைவி செல்விக்கு ஊசி போடத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பும்போது எப்போதும் அனல்காற்றில் வாந்தி எடுப்பாள். இன்று கயத்தாறு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

வீட்டு வாசலில் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“வீடு வந்துட்டா?”

“இன்னும் வரல. நீ தூங்கு.”