வேன் டிரைவரின் ரத்தம்

ஐப்பசி, வியாழன் இரவு

மின்னல் வெட்டும்போதெல்லாம் திருப்பரங்குன்றம் மலை ஜன்னலில் தெரிந்து மறைகிறது. தூக்கம் வரவில்லை.

பள்ளி வேன் ஓட்டும் பாண்டி இன்று ரத்தப் பரிசோதனை முடிவு கேட்டு மனைவியோடு கிளினிக்குக்கு வந்தார். போன மாதம் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் போலீஸில் மாட்டியவர். குடிப்பழக்கம் இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி வேலை.

“அன்னைக்கு ஒரு நாள்தான் குடிச்சேன் டாக்டரம்மா. அப்புறம் தொடவே இல்ல,” என்றார். மனைவி ரோஸ்லினும் தலையாட்டினாள்.

“ஒரு நாள் குடிச்சா இப்படி வராதுண்ணே. வாரக்கணக்கா நிறையக் குடிச்சாத்தான் ரத்தத்துல குடியைக் காட்டுற இந்த ரெண்டு அளவும் சேந்து இம்புட்டு ஏறும்,” என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இனிமே மறைக்க வேண்டாம்ல,” என்று மெல்லச் சிரித்தார். “காலையில குடிக்காட்டி கை நடுங்குது. வேன் ஓட்டுனப்ப, குடிச்சா ரோடு தண்ணி மாதிரி அசையும். பின்னால பிள்ளைக பாடுறது கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும்.”

“காலையிலயுமா?” என்றாள் ரோஸ்லின். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. நாளைக்கே சிகிச்சைக்குச் சேர்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

காலையில் என் மகளும் பள்ளி வேனில்தான் ஏறுவாள். கண்ணை மூடி, தினமும் அவளை ஏற்றிச் செல்லும் டிரைவரின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். கையசைத்து ஏறும் அவள்தான் தெரிகிறாள். அவர் முகம் வரவே மாட்டேன் என்கிறது.