கூப்பிடாமல் போட்ட இலை

எப்போதும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடும் என் வீட்டுக்காரருக்கு,

இதை உங்களால் படிக்க முடியாது. கோயிலில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான சாமிப் பாட்டையும் நான் திட்டும் திட்டையும் விட்டால் உங்களுக்கு என்ன தமிழ் தெரியும்? ஆனால் எனக்கும் வேறு வழியில்லை. மீன் வாங்கவும், பஸ்ஸுக்கு வழி கேட்கவும், உங்கள் அக்காவோடு சண்டை போடவும் என் மலாய் போதும். இதைச் சொல்ல அது போதாது.

போகியன்று வீட்டில் பர்ச்சுப் படையல் வைத்தேன். உங்கள் தலைத்திவசம் முடிந்து வந்த முதல் போகி. இத்தனை வருஷம் செத்தவர்களுக்கு இலை போட்டுவிட்டு, எப்போது எடுப்பார்கள் என்று வெளியிலிருந்து உள்ளே எட்டி எட்டிப் பார்ப்பீர்கள். இந்த முறை உங்களுக்கே ஓர் இலை.

சமையலில் ஒரு குறையும் வைக்கவில்லை. உம்பாய் கடற்கரைக்கே போய்ப் பாராங் மீன் வாங்கினேன். மீன்காரர் "வீட்டுக்காரர் எங்கே, காணவே காணோம்?" என்று மலாயில் கேட்டார். சொன்னேன். இன்னொரு மீனை எடுத்துப் பையில் போட்டார். தேங்காய்ப்பால் சோறு, கோழி, இறால் சம்பல், நீங்கள் எண்ணெய்ச் சட்டியிலிருந்தே திருடித் தின்னும் நெத்திலி, எல்லாம் செய்தேன்.

நம் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தபோது எங்கள் ஜாசின் ரப்பர் தோட்டத்து லயத்தில் என்ன பேச்சு பேசினார்கள், நினைவிருக்கிறதா? "பேரு நம்ம பேரு, துண்ணூறு பூசுறான், வாயத் தொறந்தா மலாய்க்காரன் கணக்கா பேசுறான். இவன் என்னா ஆளு?" என்றார்கள். அப்பா உங்களிடம் எந்த ஊர் என்று தமிழில் கேட்க, நீங்கள் கேள்வியே புரியாமல் சிரித்தீர்கள். உங்கள் மாமாதான் எடுத்துச் சொன்னார். மலாக்கா ராஜா காலத்தில் கப்பலேறி வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள், இங்கேயே பெண் கட்டியவர்கள், மொழி போய்ச் சாமி மட்டும் நின்றது, அதனால் மலாக்காச் செட்டி என்று பெயர் என்றார். அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. சாமி ஒன்றுதானே என்று தலையை ஆட்டிவிட்டார்.

உங்கள் தெருவுக்கு வந்தேன். அங்கே "ஓராங் தமிழ்" என்றார்கள், தமிழ் ஆள் வந்திருக்கிறாள் என்று. தோட்டத்தில் யாரும் என்னைத் தமிழச்சி என்று கூப்பிட்டதில்லை. அங்கே எல்லோருமே அதுதான்.

மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டுச் சமையல் பழகினேன், கெபாயா உடுத்தினேன், பர்ச்சுக்கு எந்த இலையில் யாருக்கு எது பிடிக்கும் என்பதுகூடத் தெரியும். ஒன்று மட்டும் மாறவில்லை. உங்கள் பெயரை நான் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான். கிளினிக்கில் நர்ஸ் கணவர் பெயர் கேட்டால் உங்கள் அடையாள அட்டையை நீட்டுவேன். நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு பெயரைச் சொல்ல மாட்டீர்கள். "சொல்லு லா," என்று உங்கள் ஓட்டைத் தமிழில் சீண்டுவீர்கள். அந்த நர்ஸும் சேர்ந்து சிரிக்கும்.

அப்போது அது விளையாட்டு. உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாததா? பர்ச்சு இலை ஒவ்வொன்றுக்கும் நேராக நின்று, செத்தவரைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். கூப்பிடாதவர் வாசலோடு நிற்பார். உங்கள் அக்கா சொல்வார், பெயர் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும் என்று. எல்லா வருஷமும் அக்காதான் கூப்பிட்டார். இந்த வருஷமும் அவர்தானே கூப்பிடுவார் என்று நான் ஏன் நினைக்கக் கூடாது?

அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்ததை உங்களிடம் யார் சொல்லியிருப்பார்கள்? வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. சாடை காட்டுவதும் அழுவதும்தான்.

எங்களுக்காக வந்து பெயர் சொல்லத் தெருவிலும் ஆளில்லை. அன்றைக்கு எல்லார் வீட்டிலும் பர்ச்சு. நம் பிள்ளை குமரன் வந்து கூப்பிடுவதாகத்தான் இருந்தது. சிங்கப்பூரில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான். பொழுது சாயும் நேரத்தில் போன் செய்தான்.

"ம்மா, பாலத்துல ஜாம். நகரவே மாட்டேங்குது. நீ ஸ்டார்ட் பண்ணிடு."

"யாருடா கூப்புடுறது?"

"நீதான். பேரு சொன்னா என்ன லா? அப்பா கோச்சுக்கவா போறாரு?"

என்னால் ஆகாது என்றேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னான். உங்கள் இலைக்குப் பக்கத்தில் போனை வைத்தேன். "பாப்பா, மாரி மாக்கான்," என்று கூப்பிட்டான், அப்பா, வாங்க சாப்பிட என்று. பின்னால் ஹார்ன் சத்தம். அக்கா தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்று. அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. அந்த இலைகளுக்கு வருகிற ஆண்கள் எல்லோருமே யாருக்கோ அப்பாதான். பெயரோடு கூப்பிடச் சொல்வதற்குள் லைன் அறுந்தது, திரும்பக் கிடைக்கவில்லை.

அலோர் காஜாவிலிருந்து என் அண்ணி வந்திருந்தார். வந்ததிலிருந்தே கோழியையும் மீனையும் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார். "அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வச்சா போதாதா? இதுல புருசன் பேர வேற வாய்விட்டுச் சொல்லணுமா? வேணாம் பாக்கியம், போனவருக்கு ஆகாது," என்றார். அண்ணி கெட்டவர் இல்லை. எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

சாம்பிராணி போட்டேன். உங்கள் கொள்ளுத்தாத்தாவிலிருந்து ஆரம்பித்தேன். அக்கா கூப்பிட்டுக் கேட்டே பழகிய பெயர்கள், தடங்கலில்லாமல் வந்தன. மாமியார் பெயரைச் சொன்னேன். மாமனார் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். உங்கள் தம்பி பெயரையும் சொன்னேன். பிறகு உங்கள் இலை.

உதடு குவிந்தது. சத்தம் வரவில்லை. திரும்பவும் பார்த்தேன், வரவில்லை. அக்கா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரே சொல்லப் பார்த்தார். "ஓ... ஓ..." என்று எச்சில்தான் வழிந்தது. கூடப் பிறந்த தம்பியின் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. எனக்கு நல்ல வாய், ஊரையே ஏசுகிற வாய், அதுவும் உதவவில்லை. இரண்டு பேரும் உங்கள் இலைக்கு முன்னால் நின்று அழுதோம். கடைசியில், "ஏங்க, வாங்க," என்றேன். வேறென்ன செய்வேன்?

விளக்கை எரியவிட்டு, வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து காத்திருந்தோம். "வந்துருப்பாரு, மனசப் போட்டு ஒழப்பிக்காத," என்றார் அண்ணி. வந்தீர்களா? உங்கள் அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட, நீங்கள் மட்டும் வாசலோடு நின்றீர்களா? நாம் இரண்டு பேர் மட்டும் இருந்த வீட்டில் "ஏங்க" என்றால் நீங்கள்தான். இத்தனை பேர் கூடிய இடத்தில் உங்களைத்தான் கூப்பிடுகிறேன் என்று எப்படித் தெரிந்திருக்கும்?

குமரன் இருட்டிய பிறகு பசியோடு வந்தான். உங்கள் இலையை எடுத்துச் சாப்பிட்டான். நெத்திலி நன்றாக இருக்கிறது என்றான். "ம்மா, என் பொண்ணு ஸ்கூல்ல என்ன இனம்னு கேக்குறாங்க. இந்தியன்னு சொல்லிட்டேன். மலாக்காச் செட்டின்னா அங்க எவனுக்கும் தெரியல," என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. உங்களைக் கூப்பிட முடியாத நான் அவனிடம் என்ன பேசுவது?

அடுத்த பர்ச்சு ஐந்தாறு மாசம் கழித்து, பழ சீசனில்தான். அதுவரை நீங்கள் பசியோடு இருக்க வேண்டும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். எழுதினால் உங்களுக்குத் தெரியாது, சொன்னால்தான் கேட்கும். இன்றைக்கு உங்கள் படத்துக்கு முன்னால் ஓர் இலை போட்டு, இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கப் போகிறேன், முதலிலிருந்து கையெழுத்து வரைக்கும். நடுவில் நின்றுவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நின்றால் நாளைக்கும் இலை போட்டு மறுபடி படிப்பேன். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். தமிழ் அவருக்கு ஒரு வார்த்தையும் புரியாது. கடைசியில் ஒன்று புரியும்.

இப்படிக்கு,
சோமசுந்தரம் பெண்சாதி
பாக்கியம்