மூன்று புது ஏஞ்சல் மீன்கள்

மதினி,

இன்று காலை மீன்தொட்டியின் பில்டர் பஞ்சை வாளித் தண்ணீரில் பிழிந்தேன். கலங்கிய குளத்து வாசம் எழுந்தது. கூடவே உங்கள் நினைவும். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. எழுத வேண்டுமென்று இன்றுதான் தோன்றியது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு நீங்கள் வந்தபோது, சீர்ச் சாமான்களோடு ஒரு கண்ணாடித் தொட்டியும் வேனிலிருந்து இறங்கியது. கண்ணாடிக் கடை வைத்திருந்த உங்கள் அப்பா தன் கையால் ஒட்டியது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் யாரும் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. "வீட்டுக்குள்ள எதுக்கு இம்புட்டுத் தண்ணி?" என்று அம்மா முணுமுணுத்தாள்.

உள்ளே நான்கு ஏஞ்சல் மீன்கள். அண்ணன் மில்லுக்குப் போனதும் நீங்கள் பேசியதெல்லாம் அவற்றோடுதான். உங்களைவிட மூன்று வயது சின்னவளான என்னையும் 'வாங்க, போங்க' என்றே அழைத்தீர்கள். எனக்கும் உங்களிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

மூன்றாம் மாதம், உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையென்று ஊருக்குக் கிளம்பினீர்கள். "ரெண்டு வேளையும் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்றீர்கள்.

நான்தான் சும்மா இருக்கவில்லை. நீங்கள் வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று ஆசை. தண்ணீர் முழுவதையும் இறைத்து, பஞ்சைக் குழாயடியில் வெளுக்கும்வரை கசக்கி, பிளீச்சிங் வாடை அடித்த குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பினேன். சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் காலையில் மூன்று மிதந்தன.

அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். கடை கடையாகத் தேடி, அதே அளவில், அதே கறுப்புக் கோடுகளோடு மூன்று வாங்கி, பையை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். அதற்குள் தண்ணீரின் வாடை போயிருந்தது.

நீங்கள் வந்ததும் நேரே தொட்டிக்குப் போய் விரலைக் கண்ணாடியில் வைத்தீர்கள். ஒன்றே ஒன்று விரலைத் தேடி வந்தது. மற்ற மூன்றும் செடிக்குப் பின்னால் ஒதுங்கின.

"என்ன, மூணு பேருக்கு என்னய அடையாளம் தெரியல?"

"அஞ்சு நாளாச்சுல்ல மதினி, மறந்திருக்கும்."

நீங்கள் பில்டரைத் தூக்கினீர்கள். பஞ்சு புதுத் துணி போல வெளுத்திருந்தது. அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். செத்துப்போன மூன்றுக்காக உங்கள் கண்ணும் கலங்கியது. ஆனால் மதுரைக் கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டீர்கள்.

"ஏட்டி, இதுக்கா மதுர வரைக்கும் போன? என்ட்ட சொன்னா உன்னயக் கடிச்சா தின்னுருவேன்?"

அந்த 'ஏட்டி'யில்தான் நான் உங்களுக்குச் சொந்தமானேன்.

நான்காம் நாள் புது மீன்களின் மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்; மீன்களுக்கு ஒட்டிப் பரவும் நோய். "புதுசா வாரத கொஞ்ச நாள் தனியா வச்சுப் பாத்துட்டு, பொறவுதான் உள்ள விடணும்," என்றீர்கள். மார்கழிக் குளிர் வேறு. தொட்டியின் ஹீட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். கல்லுப்பைக் கரைத்து ஊற்றினோம். வாளியில் இரண்டு நாள் வைத்திருந்த தண்ணீரைக் கால் பங்கு மட்டும் மாற்றினோம். இரண்டு வாரம் தொட்டியருகிலேயே கிடந்து ஊர்க்கதையெல்லாம் பேசினோம். கடைசியில் அம்மாவே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அந்தச் சின்னவன் இன்னிக்கு நல்லாத் திங்கான்," என்றாள். நான்கும் பிழைத்தன.

போன மாதம் என் மருமகள் கைதவறித் தீனி டப்பாவை அப்படியே தொட்டிக்குள் கொட்டிவிட்டாள். கல்யாணமாகி வந்து நான்கே மாதம். முகமெல்லாம் வெளிறி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "அத்தை, ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்றாள்.

உடனே வந்து சொன்னாள், மதினி. என்னிடம் சொல்லலாமென்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அப்படிப்பட்டவளாக இருப்பதற்கு நீங்கள்தான் காரணம். இருவருமாக வலையை எடுத்துக்கொண்டு போனோம். மீன்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன.