கேட்டைத் திறக்காத வாட்ச்மேன்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே எனக்கும் உன் சித்திக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அப்பாவை, என் அண்ணனைப் பற்றி மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், அதனால் இதை எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நேற்று ஸ்கேனோடு பெரிய டாக்டரிடம் போனோம். அத்தனை கூட்டத்திலும் என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டுவிட்டார், எட்டாவதோடு நிறுத்தியவன் கேட்கிற கேள்வியா இது என்று அசந்துபோனார். நுரையீரல் கட்டி குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்றார், அது என் பொறுப்பு என்று மார்தட்டிவிட்டு வந்தேன். வீட்டில் அண்ணனுடைய டார்ச் எரியவில்லை என்று சித்தி திருகித் திறந்தால், பேட்டரிக்குப் பதில் மாத்திரையாகக் கொட்டுகிறது.

காரணத்தைக் கேள். டாக்டர் சொன்னதை அண்ணனுக்கு நான்தான் விளக்கியிருந்தேன், டாக்டரைவிடத் தெளிவாகவே. பழுதான செல் தானாகச் செத்து வெளியேற வேண்டும், அதைக் கண்காணிக்க ஒரு என்சைம் உண்டு, கேட் வாட்ச்மேன் மாதிரி. உங்கள் உடம்பில் அவனுக்குக் கிறுக்குப் பிடித்து ஒரு செல்லையும் சாக விடுவதில்லை, உள்ளேயே நின்று பெருகியதுதான் கட்டி, மாத்திரை அவனை அடக்கும் என்றேன். முப்பது வருஷம் மில் கேட்டில் நின்ற மனுஷன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இப்போது, "யாரையும் சாக விடாம நிக்கிறான், எம் பக்கம் இருக்கறவன் அவன் ஒருத்தன்தான்டா, அவனுக்கே விஷம் வைக்கச் சொல்றியா?" என்கிறார். நான் வாதாடிய வாதத்துக்கு ஜட்ஜே எழுந்து கும்பிட்டிருப்பார், இவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டும் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இருமல் வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டாக்டருக்குப் போன் போட்டேன், மாத்திரையை இன்றைக்கே ஆரம்பித்தால் கொஞ்ச காலம் தள்ளலாம், இதை விட்டால் என் கையில் வேறு மருந்து இல்லை என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் சரக்கு ஒன்றும் இதில் இல்லை.

முடிந்தால் டிக்கெட் பார். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட்டுக்கு முன்னால் இன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய், உன் சொல்லை அவர் தட்ட மாட்டார். உன் படிப்பை வைத்து எதையும் விளக்காதே, இந்த வீட்டில் விளக்கம் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது. "முழுங்குங்கப்பா" என்று மட்டும் சொல், அவர் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும்வரை போனை வைக்காதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா