வீக்கத்தைச் சுற்றிய நீலக் கோடு

அன்புள்ள அக்கா,

இன்று காலை பேருந்தில் என் முன்னால் நின்ற பெண்ணின் சீருடையிலிருந்து கியர் எண்ணெயின் வாசம் எழுந்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத வாசம். ஓசூர் கியர் பெட்டித் தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே சோதனை மேசையருகே நின்று பணியாற்றிய ஆண்டுகளை அது அழைத்து வந்துவிட்டது. நீங்கள் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உரிய காலத்தில் சொல்லாமல் விட்ட நன்றியை இன்று எழுதுகிறேன்.

என் இதயம் திடீர் திடீரென்று தறிகெட்டு ஓடிய காலம் அது. தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, இதயத்தில் மின்னோட்டம் தவறாகப் பாயும் இடத்தைச் சுட்டு அடைத்துவிடலாம் என்றார் பெங்களூர் மருத்துவர். நேரக்கூடிய சிக்கல்கள் ஒப்புதல் படிவத்தில் வரிசையாக அச்சாகியிருந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மீதியைத் தானே கற்றவள் என்ற பெருமிதம் எனக்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் தேடி எழுதி வைத்தேன். மருத்துவர் விளக்க முற்பட்டபோது, அனைத்தும் அறிவேன் என்று சொல்லிக் கையொப்பமிட்டேன்.

சிகிச்சை முடிந்ததும் துடிப்பு அடங்கியது. ஒரு வாரம் படியேறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான்காம் நாளே கம்பெனிப் பேருந்தில் ஏறினேன். விடுப்பை நீட்டிக்கக் கோரும் கடிதத்தை எவரிடமேனும் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆயினும் இரண்டு பக்கம் செந்தமிழில் எழுதிய கடிதம்; அதிகாரி அதைப் படிக்கும்போது நான் எதிரே நிற்க வேண்டும் என்ற ஆசை. அவர் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

என் நடையைக் கண்டதும் நீங்கள் கையைப் பிடித்துப் பெண்கள் ஓய்வறைக்கு இழுத்துச் சென்றீர்கள். சற்றே அசௌகரியம், வேறொன்றுமில்லை என்றேன்.

"அசௌகரியமா? பொடவையத் தூக்கு கண்ணு, பாக்கறேன்."

தொடையின் மேற்புறம் கருநீலமாகப் புடைத்திருந்தது. படிவத்திலிருந்த ஆங்கிலச் சொல்லுக்குக் குருதித் திரட்சி என்று பொருள் எழுதியவள் நான்; என் உடம்பில் அது வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீங்கள் பையிலிருந்து நீல மார்க்கரை எடுத்தீர்கள். கியர் பெட்டியில் எண்ணெய் கசிந்தால் ஈரத்தின் ஓரமாகக் கோடிட்டு, நேரம் குறித்து, அரை மணி கழித்துப் பார்ப்போமே, அதேபோல வீக்கத்தைச் சுற்றிக் கோடிட்டுப் பத்து இருபது என்று எழுதினீர்கள். எனக்கு வெட்கமும் கோபமும் ஒருசேர வந்தன. நான் என்ன கியர் பெட்டியா என்று கேட்டேன்.

"அது கசிஞ்சா மறைக்காது. நீ மறைக்கிற," என்றீர்கள்.

பத்து ஐம்பதுக்கு வீக்கம் அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் பரவியிருந்தது. நீங்கள் மேற்பார்வையாளரிடம் சண்டையிட்டு, பெங்களூர் மருத்துவமனைக்குப் போகக் கம்பெனி வேனை வாங்கினீர்கள். மேம்பாலம் கட்டுவதற்காகப் பெங்களூர் சாலை நெடுகத் தோண்டிப் போட்டிருந்த நேரம். ஓட்டுநரிடம் தெலுங்கிலும், போக்குவரத்துக் காவலரிடம் கன்னடத்திலும் மன்றாடினீர்கள். உங்கள் உள்ளங்கை மட்டும் என் தொடையை அழுத்தியபடியே இருந்தது. என் கண்கள் செருகத் தொடங்கின.

"தூங்காத. அந்தக் கடுதாசியச் சொல்லு, கேட்டுக்கிட்டே வர்றேன்."

இரண்டு பக்கத்தையும் ஒப்பித்தேன். அதை முழுமையாகக் கேட்டவர் நீங்கள் ஒருவரே.

கம்பி நுழைந்த துளை மூடாமல் இரத்தம் உள்ளே கசிந்துகொண்டிருந்ததாம். ஸ்கேனில் பார்த்தபடி நெடுநேரம் அழுத்தி நிறுத்தினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் அறுவை சிகிச்சை வரை போயிருக்கும் என்றார் மருத்துவர். இந்தக் கோட்டைப் போட்டது யார் என்று அவர் கேட்டதும், கண்டிக்கப்போகிறார் என்றெண்ணி நீங்கள் மார்க்கரை முந்தானைக்குள் ஒளித்தீர்கள். அவரோ செவிலியரை அழைத்து அந்தக் கோட்டைக் காட்டி மகிழ்ந்தார்.

அதன்பின் என் இதயம் ஒருமுறையும் தறிகெட்டதில்லை, அக்கா.

நேற்று எதிர்வீட்டுப் பெண் இதே சிகிச்சைக்கான படிவத்தோடு வந்தாள். "ஒண்ணும் ஆவாதுல்லக்கா?" என்று கேட்டாள். பெரும்பாலும் ஆகாது, ஆனால் ஆகலாம் என்றேன். வீங்கினால், மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் நொடியும் தாமதியாமல் சொல்லிவிட வேண்டும் என்றேன். என் கடிதத்தின் கதையையும் மறைக்கவில்லை. அவள் சிரித்தாள்; முகம் தெளிந்தது. மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை அங்கேயே உட்கார்ந்து தன் பேச்சு மொழியிலேயே எழுதினாள். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.